சான்று தேவை

வல்லநேரிக் கிளை நூலகத்துக்கு இறந்துபோனவர்கள் வந்து உட்காரத் தொடங்கியது, நூலகர்களுக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுத்தார்களே, அதற்கு மறுநாள்தான். அப்போது ஊரில் முதலில் எழுந்த கேள்வி இவர்கள் எப்படி வந்தார்கள் என்பதல்ல, இவர்களுக்கு நாற்காலி எங்கே போடுவது என்பதுதான். உயிரோடு இருப்பவர்களுக்கே அங்கே நாற்காலி போதாது, இருக்கிறதிலும் பாதிக்குக் கால் ஆடும், மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கிற நாலுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார்கள் கதவு திறந்த உடனே துண்டு போட்டுவிடுவார்கள்.

முதலில் வந்தவர் நர்ஸ் எப்சிபா. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தலைமுறைக்கே பிரசவம் பார்த்தவர், பெருவெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பேருந்தின் கூரைமேல் வைத்து ஒரு பெண்ணுக்குப் பிள்ளையெடுத்தவர். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்திருந்ததால், கடற்கரைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் நூலகர் ஜெசிந்தா பயிற்சியின்போது அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கீழே பத்திரிகையின் பெயரையும் தேதியையும் சான்றாகக் கொடுத்து, சேமி என்கிற பொத்தானை அமுக்கினாள். மறுநாள் கதவைத் திறந்தால் எப்சிபா வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக வாசலில் நிற்கிறார். உள்ளே வந்தார், பெண்கள் பகுதியில் உட்கார்ந்தார், புது வாரப் பத்திரிகை வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

சேதி பரவியதும் அவர் கையில் பிறந்தவர்கள் எல்லாரும் பிள்ளை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். எப்சிபா எல்லாரையும் பார்த்துச் சிரித்தாரே தவிர, பேருந்துக் கூரையில் பிறந்த லாரி டிரைவர் ஒருவனைத்தான் அடையாளம் தெரிந்து, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்தார். எங்களையும் இந்தம்மாதானே எடுத்தது என்று மற்றவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்படித்தான் ஊருக்குச் சட்டம் புரிந்தது. வருகிறவர்களுக்குக் கட்டுரையில் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும்; அதற்கு மேல் ஒரு துளி தெரியாது.

அடுத்து வந்தவர் ஆற்றுப்பாலம் கட்டிய பொறியாளர். அவரைப் பற்றிக் கிடைத்தது மூன்றே வரி என்பதால், வாசல் பக்கம் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் பாலம் நல்லா இருக்கா என்று கேட்பது ஒன்றே அவருக்கு வேலை. நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு ஆட்கள் பேப்பர் படிக்கப் போவார்கள். கொஞ்ச நாளில் கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும்கூட ஒருவரை ஒருவர் பார்த்தால் பாலம் நல்லா இருக்கா என்று நலம் விசாரிப்பது வல்லநேரியின் வழக்கமாகிவிட்டது. வாசகர் வட்டத் தலைவர் சங்குமுத்து கூட்டம் போட்டு, முகவரிச் சான்று இல்லாததால் இறந்தவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது, உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக முடியாது என்று தீர்மானம் நிறைவேற்றினார். அவர்களால் காம்பவுண்டுச் சுவரைத் தாண்ட முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் அவர்களுக்கும் சேர்த்து டீ அனுப்பினார். அவர்கள் குடிக்க மாட்டார்கள், ஆனால் சூடான கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கப் பிரியப்பட்டார்கள். சாயங்காலம் மணி அடித்தால் இருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நூலக விடுமுறை. அன்றைக்கு எங்கே இருப்பார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாரும் ஜெசிந்தா எழுதி வந்தவர்கள். இதுதான் மூத்த நூலகர் மங்கையர்க்கரசிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அவளும் எழுதாமல் இல்லை. அந்த நூலகத்தில் எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் கிழிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள், பென்சிலால் ஒரு அடிக்கோடு போட்டிருந்தால்கூட யார் போட்டது என்று கண்டுபிடித்து அபராதம் வாங்கிவிடுகிறவள், ஊர்க் கதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறவள், பயிற்சி முடிந்த நாளிலிருந்து வள்ளல்கள், புலவர்கள், தியாகிகள் என்று ஒரு சான்றும் இல்லாமல் எழுதித் தள்ளினாள். ஒரு ஈ காக்கா வரவில்லை. அவள் எழுதியதில் எல்லாம், இது கட்டுரையா வாழ்த்துமடலா என்று கேட்கிற மாதிரி எவனோ எங்கிருந்தோ குறிப்புப் போட்டுவிட்டுப் போனான். தகவலை மட்டும் எழுதுங்க அக்கா, புகழாதிய என்று ஜெசிந்தா பதமாகத்தான் சொன்னாள். பதமாகச் சொன்னதே மங்கையர்க்கரசிக்குக் கூடுதலாக வலித்தது.

ஆனால் உண்மையான காயம் அதற்கும் முந்தியது. பயிற்சியில் அவள் முதன்முதலாக எழுதிய கட்டுரை தன் புருஷனைப் பற்றியது. கோல்கீப்பர் அம்பலவாணன் என்றால் ஒரு காலத்தில் தென்மாவட்டம் முழுக்கத் தெரியும்; ரயில்வே அணிக்கும் மாநில அணிக்கும் ஆடியவர், பெனால்டி தடுப்பதில் பேர் வாங்கியவர், ஓய்வுபெற்ற பிறகு ஒரு மத்தியான நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவரைப் பந்துகளின் எமன் என்றும் கம்பங்களுக்கு நடுவே நின்ற காவல் தெய்வம் என்றும் அவள் எழுதியதைச் சாயங்காலத்துக்குள் நீக்கிவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் காரணம் சொன்னார். ஒருவருக்கு மிக நெருங்கினவர்கள் அவரைப் பற்றி எழுதக் கூடாது, அதுதான் இங்கே விதி என்றார்.

“கட்டினவ எழுதக் கூடாதுன்னா வேற எவ எழுதுவா?” என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனதில் அந்தக் கேள்வி தங்கிவிட்டது. நல்ல மனதோடுதான் செய்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குத் தெரியாமல், கட்டிவைத்த பழைய பேப்பர்களை மாதக்கணக்காகப் புரட்டி, ஆட்டச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, புகழ்ச்சி ஒரு சொல் இல்லாமல், வரிக்கு வரி சான்று கொடுத்து, அம்பலவாணன் என்றொரு கட்டுரையை முடித்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் சேமித்தாள்.

வியாழக்கிழமை காலை மங்கையர்க்கரசி தேதி முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். பேப்பர்களில் இருந்தது அவர் ஆடின காலத்துச் செய்திதான் என்பதால் வந்தவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. பச்சை ஜெர்சி, கைகளில் தடித்த கையுறை, முழங்காலில் காய்ந்த மண். அவளுக்கோ தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. வாசலில் பாலத்துக்குப் பதில் சொல்லிவிட்டு நேராக அவளிடம் வந்து, “அம்மா, விளையாட்டுச் செய்தி எந்த மேசையில கெடக்கும்?” என்று கேட்டார்.

அவள் கையிலிருந்து முத்திரை நழுவியது. தரையைத் தொடுவதற்குள் குனிந்து ஒற்றைக் கையால் பிடித்து மேசைமேல் வைத்தார். “பாத்தும்மா. காலுல விழுந்துராம” என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் ஜெசிந்தா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அங்கே போனார். எழுதினவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரமாவது உட்காருவது வந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

மங்கையர்க்கரசிக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்லிப் பயனில்லை. அவரைத் திரும்பக் கண்ட சந்தோஷம் ஒரு நிமிஷம் வந்தது, அது உட்காருவதற்குள் எரிச்சல் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜெசிந்தா எந்த ஆட்டத்தைச் சொன்னாலும் அவர் முகம் மலர்ந்தது. பெங்களூர் அணிக்காரன் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவள் கேட்க, அவன் இடுப்பைப் பார்த்தேன் என்று இவர் எழுந்து நின்று காட்ட, ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். வீட்டில் இருந்தவரை ஆட்டத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை, இவளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றியது அவளுக்கு இன்னொரு எரிச்சலாகச் சேர்ந்தது.

ஊருக்கு அவர் வந்ததில் ஒரே கொண்டாட்டம். மைதானத்துப் பையன்கள் நூலக வளாகத்தில் ரெண்டு பூவரச மரத்துக்கு நடுவே அவரை நிறுத்திப் பந்தடித்தார்கள். அவர் தாவித் தாவிப் பிடித்தார். ஒரு பந்து தப்பி வரலாற்றுப் பிரிவின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது, சங்குமுத்து அவசரக் கூட்டம் கூட்டி வலை கட்டச் சொன்னார். எப்சிபா சிராய்த்த முழங்கால்களுக்கு மருந்து போட்டார். பொறியாளர் பாலத்தை ஒரு நாள் முழுக்க மறந்தார் என்றுகூடச் சொல்கிறார்கள். மங்கையர்க்கரசி ஜெசிந்தாவைப் பழைய இதழ்க் கட்டுகளை அடுக்க உள்ளறைக்கு அனுப்பினாள். அவர் பின்னாலேயே போய்க் கட்டுகளைப் பிடித்துக்கொடுத்தார். கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோகிற வேலையை அவள் தலையில் கட்டினாள். அவள் திரும்பி வரும்வரை அவர் கேட் பக்கத்திலேயே நின்றார்.

என்னையும் அந்தக் கட்டுரையில் சேர்க்கணும் என்று ஒருநாள் மங்கையர்க்கரசி கேட்டே விட்டாள். சேர்க்கணும்னுதான் எனக்கும் ஆசை என்றாள் ஜெசிந்தா. தேடாத இடமில்லை; எந்தப் பேப்பரிலும் அவருக்குக் கல்யாணம் ஆனதாகவே வரவில்லை. நேரில் கண்டது செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். தாலி இருக்கிறது, போட்டோ இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது என்று மங்கையர்க்கரசி அடுக்கினாள். அதெல்லாம் அச்சில் வரலையே அக்கா என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் மத்தியானம் ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மங்கையர்க்கரசி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அச்சான எழுத்துமேல் கை வைப்பதைப் போலப் பெரிய பாவம் இல்லை என்று வாழ்நாள் முழுக்க நம்பினவள். அடிக்கோடு போட்டவர்களுக்கெல்லாம் அபராதம் போட்ட அதே கையால், ஜெசிந்தாவின் கட்டுரைக்குள், ‘இவர் தம் மனைவி மங்கையர்க்கரசியை உயிராக நேசித்தார்’ என்று ஒரே ஒரு வரியைச் செருகிச் சேமித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

பலித்தது. மறுநாள் அவர் ஜெசிந்தாவின் மேசையைத் தாண்டி மங்கையர்க்கரசியிடம் வந்தார். அவள் எதிரே நின்று, நூலகமே கேட்க, “மங்கையர்க்கரசி, உன்னை நான் உயிரா நேசிக்கேன்” என்றார். பேப்பர் சரசரப்பு நின்றது. சங்குமுத்து இருமினார். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோனது. வாழ்ந்த காலத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. இங்காரு என்பார், அவ்வளவுதான். அதற்கு மறுநாள் அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அவர் சொன்னார். முத்திரை குத்தும்போது சொன்னார், எலெக்ட்ரீஷியனை அவள் திட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார், எப்போது சொன்னாலும் அதே சொற்கள், அதே ராகம். அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவள் எழுதியது அந்த ஒரு வரிதான். தன் வரியைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு ரெண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும், ஜெசிந்தா காதில் விழுகிறதே என்பதற்காகவே அவள் அதை இன்னும் கொஞ்ச நாள் ரசித்தாள்.

பிறகு ஒரு காலையில் அவர் தயங்கித் தயங்கி வந்தார். “மங்கையர்க்கரசி, உன்னை நான் உயிரா நேசிக்கேன்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, சங்கடத்தோடு, “சான்று தேவை” என்றார்.

அவள் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். நீதானா போட்டது என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஜெசிந்தா. விதிப்படி அந்த வரியை எடுத்தே இருக்க வேண்டுமாம். எடுக்க மனசு வராமல், சான்று தேவை என்கிற அடையாளத்தை மட்டும் பக்கத்தில் வைத்தாளாம்.

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்கிற மாதிரி நின்றார். மங்கையர்க்கரசி அவரை நூல்தட்டுகளுக்கு நடுவே கூட்டிப்போய், வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“கல்யாணமான புதுசுல நான் வேணும்னே டம்ளரைக் கீழ போடுவேன். நீங்க அது தரையில விழுமுன்ன பிடிப்பிய. தெனமும் போடுவேன். வேணும்னுதான் போடுதேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள்கூட விழ விட்டதில்ல.”

அவர் கவனமாகக் கேட்டார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “அது எந்தப் பேப்பர்ல வந்ததும்மா?” என்றார்.

அந்தச் சமயத்தில் ஊரில் இன்னொரு வழி பிறந்திருந்தது. ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்காக நிருபர் ஒருவர் வந்து, வந்திருப்பவர்களின் குடும்பத்தாரிடம் பேட்டி எடுத்துப் போட ஆரம்பித்திருந்தார். அச்சில் வந்துவிட்டால் அது சான்று. சான்று இருந்தால் கட்டுரையில் ஏற்றலாம். ஏற்றினால் வந்தவருக்கு ஞாபகம் வந்துவிடும். எப்சிபாவின் மகள், சின்ன வயதில் அம்மா தன்னைக் குருவி என்று கூப்பிட்டதைச் சொல்லி, அது அச்சாகிக் கட்டுரையில் ஏறிய மறுநாளே எப்சிபா எழுந்து கையை விரித்துக் குருவி என்றார். மகள் அழுத அழுகைக்கு நூலகமே அழுதது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் மீன்காரி, பேருந்து நடத்துநர், தபால்காரர் என்று ஊரே அவளைக் குருவி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பொறியாளருக்கு இருட்டென்றால் பயம் என்று அவர் தம்பி சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு மின்சாரம் போனால் எல்லாரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தாவே நிருபரிடம் பேசி நாள் குறித்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் பேசுங்க அக்கா, போதும், அவுக உங்களை முழுசா அடையாளம் கண்டுருவாவ என்றாள். மங்கையர்க்கரசி அன்றைக்கு இரவெல்லாம் எதைச் சொல்வது என்று கோத்துக்கொண்டே கிடந்தாள். சொல்ல அவ்வளவு இருந்தது.

நிருபர் வந்தார். சங்குமுத்து தன் துண்டை எடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கொடுத்தார். பக்கத்து மேசையில் பச்சை ஜெர்சியோடு அம்பலவாணன், தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கன்னத்தில் கை வைத்து, மங்கையர்க்கரசியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் வீட்டில் எப்படி என்று கேட்டார் நிருபர்.

மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள். டம்ளர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அது அச்சாகும். திங்கட்கிழமை ஜெசிந்தா அதை ஒரு புகழ்ச்சியும் இல்லாமல் அழகாக எழுதுவாள். செவ்வாய்க்கிழமை அவருக்கு எல்லாம் ஞாபகம் வரும். அன்றைக்கே ஊரில் இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் அவர் முன்னால் ஆளுக்கொரு டம்ளரைப் போட்டுப் பார்ப்பார்கள். அவர் பிடிப்பார். எல்லாருடையதையும் பிடிப்பார். ஜெசிந்தா போட்டாலும் பிடிப்பார்.

“நல்லா இருந்தாவ” என்றாள்.

அப்புறம், என்று நிருபர் கேட்டார். அவ்வளவுதான் என்றாள். எழுந்து கம்ப்யூட்டரிடம் போனாள். தான் செருகிய வரியையும் அதன் பக்கத்தில் இருந்த அடையாளத்தையும் தானே அழித்துச் சேமித்தாள். பக்கத்து மேசையில் இருந்தவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, எதற்காக இங்கே உட்கார்ந்தோம் என்று தெரியாதவர் போலச் சுற்றிலும் பார்த்தார். “அம்மா, விளையாட்டுச் செய்தி வந்துட்டா?” என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். ரொம்ப நன்றிம்மா என்று வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப் பண்ணிட்டியளே அக்கா, இனி அவுகளுக்கு உங்களை எப்பவுமே தெரியாதே என்றாள்.

“தெரியாதவுக அங்கன உக்காந்து பேப்பர் படிக்கட்டும்” என்றாள் மங்கையர்க்கரசி. “தெரிஞ்சவுகள நான் வச்சிருக்கேன்.”

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே பார்த்தாள், மரங்களுக்கு நடுவே அவர் ஒரு பந்தைத் தாவிப் பிடித்தார், ஆடின காலத்தில் அவர் பிடித்த பந்து ஒவ்வொன்றுக்கும் அவளிடம் தேதி இருந்தது. மறுபடி மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். அச்சில் வேண்டாம், கட்டுரையில் வேண்டாம், என்கிட்ட மட்டுமாவது சொல்லுங்களேன், வீட்டுல அவுக எப்படித்தான் இருந்தாவ என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருப்பாள், குரல் ஒத்துழைக்கவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, பதிலுக்காக அவள் நின்ற நிலையை மங்கையர்க்கரசி உற்றுப் பார்த்தாள். எரிச்சலில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்ததால், எதிரே இருப்பது என்னவென்று அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை.

சொல்ல மாட்டேன் என்றாள், கோபமே இல்லாமல். அத்தனை மாதமாகத் தன் வயிற்றில் எரிந்தது இப்போது அந்தப் பிள்ளையின் வயிற்றில் எரிவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நேரமாகிவிட்டது என்று மணி அடிக்கப் போனாள்.